நடக்காத சண்டைக்கு ஒரு கணிப்பு

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நாலு கடை தள்ளி,
நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே சென்டர் வாசலில்,
தினமும் ஏழு மணிக்கு அந்தச் சண்டை ஆரம்பிக்கும்.
இன்றுவரை யாரும் யாரையும் அடித்ததில்லை.

திம்மராயனா, மாதேசா?

டீ மாஸ்டர் இலியாஸ் சொல்கிறான்:
மூணாவது ரவுண்டுக்கே போகாது.
பர்கூர்க்காரன் கை கிரானைட் பலகை புரட்டிய கை,
ஒண்ணு விழுந்தா மாதேசுக்கு
அடிச்ச மணி மறுநாள்தான் கேட்கும்.

விழுந்தாத்தானே, என்கிறான்
மாங்கூழ் கம்பெனிக்கு லாரி ஓட்டும் சென்றாயன்.
பாலக்கோட்டான் நூற்றிரண்டு கிலோவையும்
தக்காளிக் கூடை போல நசுங்காமல் கொண்டுபோகிறவன்.
அவன் நின்ற இடத்தை நீ குத்தி முடிப்பதற்குள்
உன் விலாவுக்குப் பக்கத்தில் குடியேறியிருப்பான்.

சர்க்கரை டப்பா ஒரு மூலை.
உப்பு பிஸ்கட் பாட்டில் எதிர்மூலை.
நடுவில் சிந்திய டீயில் ஒரு ஈ, நடுவர்.

நிஜத்தில் இருவரும் ஒரே ரிங்கில் நின்றதில்லை.
இவன் எடை ஏறிய வருஷம் அவன் இறக்கினான்.
தொண்ணூற்றிரண்டு கிலோ என்னும் கோட்டுக்கு
அந்தப்பக்கம் ஒருவன், இந்தப்பக்கம் ஒருவன்.
ஒரே ஒரு தடவை தர்மபுரியில்
இரண்டு பெயரும் ஒரே தாளில் வந்தன.
அன்று தொப்பூர் கணவாயில் கன்டெய்னர் கவிழ்ந்து
நடுவர்கள் வந்த வேன் சாயங்காலம்வரை நகரவில்லை.
அப்புறம் மழை.

ஐந்நூறு, ஆயிரம்,
ஒருவன் தவணை முடியாத பைக்கையே வைத்தான்.
எக்ஸ்ரே அக்கா, நீங்க சொல்லுங்க.
நான் டம்ளரை ஊதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் திம்மராயன் வந்தான், டோக்கன் பதினேழு.
வலது கையை விரிச்சு வை என்றேன்.
முழுசாக விரியவில்லை.
சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு
எப்போதோ உடைந்து, எந்த டாக்டரையும் கேட்காமல்,
கோணலாகத் தானே ஒட்டிக்கொண்டிருந்தது.
அந்தக் கையால் முழு பலத்தோடு ஒரு தடவை குத்தலாம்.
இரண்டாவது குத்து குத்தியவனுக்குத்தான் வலிக்கும்.

மாதேசு வந்தது பெங்களூரா மாங்காய் லாரிகள்
ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் மாசத்தில்.
மூச்சை இழுத்துப் பிடி என்றேன்.
பத்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டான்.
படம் அசைந்துவிட்டது.
திரும்ப எடுத்தேன். திரும்பவும்.
இடது பக்கம், ஏழாவது விலாவில்,
மயிரிழை மாதிரி ஒரு கோடு.
ஒண்ணும் தெரியலையே? என்று கேட்டான்.
கேட்டது என்னிடமா படத்திடமா என்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று ராத்திரி ஷட்டர் இறக்கியபின்
இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில்
அருகருகே மாட்டினேன்.
செய்யக்கூடாதுதான்.
கையுறை இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை.
ஒரு கை. ஒரு கூடு.

முதல் ரவுண்டிலேயே அந்தக் கோணல் எலும்பு
ஏழாவது விலாவைத் தேடிப் போகும்.
இரண்டும் ஒரே நேரத்தில் விரியும்,
அதனால் ஒரு சத்தம்தான் கேட்கும்.
இருவருமே கத்தமாட்டார்கள்.
இவன் அவன் தோளில் சாய்வான்,
அவன் இவன் கையைக் கக்கத்தில் இறுக்கிக்கொள்வான்.
பிரிங்க, பிரிங்க என்பார் நடுவர்.
கூட்டம் விசிலடிக்கும்.
கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று சொல்ல
அங்கே என்னைத் தவிர ஆளிருக்காது.

அக்கா, யாருன்னு சொல்லுங்கக்கா.

அன்னைக்கும் மழை வரும்டா, என்றேன்.

சென்றாயன் முகம் சுருங்கிவிட்டது.
வராட்டி? என்றான் இலியாஸ்.

வராட்டி...
என் டீக்கும் அந்த ரெண்டு பிஸ்கட்டுக்கும்
எவ்வளவு ஆச்சு, சொல்லு.